கூண்டு வண்டியில் ஓர் இரவு



மேலே படிக்கும் முன் ஒரு கேள்விக்கு மனத்துக்குள் விடை சொல்லிக்கொள்ளுங்கள். நீங்களும் உங்கள் இல்லத் துணையும், மூன்றாவது செவிக்கு எட்டாமல், இடையில் யாரும் அழைக்காமல், முழுதாக ஒரு மணி நேரம் அமர்ந்து பேசியது கடைசியாக எப்போது?

எங்களுக்கு நினைவில்லை. மயிலாப்பூரில் எங்கள் வாடகை வீடு இரண்டு அறைகளும் ஒரு கூடமும் கொண்டது. ஓர் அறை உம்மாவுக்கு. மற்றோர் அறை, படிக்கும் பிள்ளைகளுக்கு. கூடத்தில் எங்கள் படுக்கை. இரவு பத்தரை மணிக்குப் பாயை விரித்தால் உம்மா தண்ணீர் கேட்பார்கள். பதினொன்றுக்கு மகன் சார்ஜர் தேடி வருவான். ஊரிலிருந்து விருந்தினர் வந்துவிட்டாலோ பாயை விரிக்கவே இடமிராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் நிலையும் இதுவே. பெற்றோர் உடனிருப்பது பரக்கத். ஆனால் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதும் உண்மைதான்.

இப்போது ஒரு புதிய பழக்கம் பரவி வருகிறது. பின்புறம் திறந்த பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டிக்குக் கூரை போட்டு, உள்ளே மெத்தை விரித்து, தம்பதியர் ஊருக்கு வெளியே சென்று இரவு தங்கித் திரும்புகிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது நெடுநாள் வழக்கம். கேரள அரசு 2021-இல் காரவான் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. நம் சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு நிறுவனத்தின் பிக்கப் வண்டிகள் தயாராகின்றன. அவற்றைச் சொந்த வாகனமாக வாங்கியோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூரை போட்டுக்கொண்டு போவதை நீங்களும் பார்த்திருக்கலாம். இளைய தலைமுறையினர் இதைக் கண்டு ஆசைப்படுகிறார்கள். மூத்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "வீட்டுல கட்டில் இல்லாமலா லாரியில போய்ப் படுக்கணும்?" என்று எங்கள் உம்மா கேட்டார்கள்.

உம்மாவுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பதில் அவர்களுடைய இளமைக் காலத்திலேயே இருந்தது. நாகூர் கந்தூரிக்கு மாட்டு வண்டியில் கூண்டு கட்டி, வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளம் விரித்து, வழியில் தோப்புகளில் வண்டியை அவிழ்த்துப் போட்டு உறங்கிச் சென்ற கதையை அவர்கள்தாம் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கூண்டின் முன்னும் பின்னும் வெள்ளை வேட்டித் திரை தொங்குமாம். பெண்கள் உள்ளே, ஆண்கள் வண்டிக்கு அடியில். அந்தக் கூண்டு வண்டிக்கும் இந்தப் பிக்கப்புக்கும் இடையே மாடு ஒன்றுதான் குறைகிறது.

இன்னும் பின்னோக்கிப் போவோமே! பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது துணைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள் என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஹவ்தஜ் என்னும் ஒட்டகச் சிவிகையில் அமர்ந்து பயணம் செய்தார்கள். நாற்புறமும் திரை, மேலே கூரை. கூட்டத்தின் நடுவே ஒரு பெண்மணிக்கு அமைந்த தனியறை அது.

அப்படியொரு பயணத்தில்தான் அன்னையாரின் கழுத்து மாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காகத் தண்ணீர் இல்லாத இடத்தில் படை முழுவதும் தங்க நேர்ந்தது. மக்கள் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் முறையிட்டனர். அவர்கள் மகளைக் கண்டிக்க வந்தபோது, நபியவர்கள் அன்னையாரின் மடியில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். தந்தை சினந்து பேசி விலாவில் இடித்தபோதும், கணவரின் உறக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று அன்னையார் அசையாமல் இருந்தார்கள். விடியலில் உளூச் செய்யத் தண்ணீரில்லை. அப்போதுதான் தயம்மும் பற்றிய இறைவசனம் அருளப்பெற்றது. பின்னர் ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் அடியிலேயே கிடந்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் நிகழ்ச்சி இது. இன்று தண்ணீரற்ற இடத்தில் தங்கும் ஒவ்வொரு முஸ்லிமும் அனுபவிக்கும் சலுகை, கணவனும் மனைவியும் வெட்டவெளியில் தங்கிய ஓர் இரவில் கிடைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஆகவே பழக்கத்தில் குற்றமில்லை. ஆனால் செய்யும் முறையில் உயிருக்கே ஆபத்து விளையக்கூடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நாங்களே அறியாமல் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் இரவு

என் மைத்துனர் ஒரு பொலிரோ பிக்கப் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். கம்பி வளைவுகளும் அவற்றின் மேல் தார்ப்பாயும் போட்ட வண்டி. சென்ற ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை. பிள்ளைகளை உம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உறவினர் ஒருவரின் தென்னந்தோப்பு இருக்கிறது. அதில் கழிப்பறையும் கிணறும் கொண்ட சிறு வீடும் உண்டு. மைத்துனர் வண்டியை ஓட்ட, நாங்கள் அவருக்கு அருகில் முன்னிருக்கையில் நெருக்கி அமர்ந்து, திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து, திருவான்மியூர் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். மஃரிபுக்குத் தோப்பை அடைந்தாயிற்று.

என் துணைவியார் பத்தமடைப் பாய் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். திருமணச் சீராக வந்தது அது. தாமிரபரணிக் கரைக் கோரையில் நம் சமுதாயப் பெண்கள் நெய்யும் அந்தப் பாய் பல ஆண்டுகளாகப் பரண் மேல் கிடந்தது. தொட்டியின் தகரத் தரையில் பழைய மெத்தையைப் போட்டு அதன் மேல் பாயை விரித்தோம். இஷாவுக்குப் பின் சாப்பிட்டு, வண்டிக்குள் ஏறினோம்.

மைத்துனருக்கு அக்காவின் மேல் மிகுந்த மரியாதை. தோப்புக்குக் காவலாள் வருவார், தேங்காய் பறிப்பவர்கள் அதிகாலையிலேயே வந்துவிடுவார்கள் என்று கருதி, தார்ப்பாயை நாற்புறமும் கீழே இழுத்து, பின்பக்கத்தையும் மூடி, கயிற்றை வெளியிலிருந்து இறுக்கமாகக் கட்டினார். "மச்சான், ஊசி நுழைய இடமில்லாமக் கட்டிட்டேன், அக்கா நிம்மதியாத் தூங்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தோப்பு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஊசி நுழைய இடமில்லைதான். காற்று நுழையவும் இடமில்லை.

உள்ளே கொசு. ஒரு தட்டில் கொசுவத்திச் சுருளை ஏற்றி மூலையில் வைத்தேன்.

இரவு இரண்டு மணி இருக்கும். "என்னங்க, தலை பிளக்குது, குமட்டுது" என்று துணைவியார் எழுப்பினார். எழுந்து உட்கார்ந்தால் எனக்கும் தலை சுற்றியது. கண் எரிந்தது. தார்ப்பாயின் உட்புறம் எங்கள் மூச்சின் ஈரம் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே போகலாம் என்று பின்பக்கத்தைத் தள்ளினேன். அசையவில்லை. கதவின் கொக்கியும் வெளியே, கயிற்றின் முடிச்சும் வெளியே. சரக்கு வண்டி சரக்குக்காகச் செய்யப்பட்டது. உள்ளிருந்து கதவைத் திறக்க எந்த மூட்டையும் கேட்பதில்லை! மைத்துனரைச் செல்பேசியில் அழைத்தேன். ஆழ்ந்த உறக்கம், எடுக்கவில்லை. கடைசியில் கொய்யாப்பழம் நறுக்கக் கொண்டு வந்த கத்தியால் தார்ப்பாயின் ஓரத்தைக் கீறி, கையை வெளியே விட்டுக் கயிற்றை அறுத்தோம். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டபோது துணைவியார் சொன்ன 'அல்ஹம்துலில்லாஹ்' இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிரவின் எஞ்சிய பொழுதைத் தோப்பு வீட்டுத் திண்ணையில் கழித்தோம். பேச வேண்டியவை எவையும் பேசப்படவில்லை.

அந்தப் புகையைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் அளவை 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவோடு ஒப்பிட்டது. வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத நான், என் துணைவியாரையும் வைத்துக்கொண்டு எத்தனை சிகரெட் பிடித்தேனோ!

ஆயினும் நாங்கள் தப்பியது இலேசான ஆபத்திலிருந்துதான். இதனினும் கொடியது ஒன்றுண்டு. நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு. கரி, விறகு, எரிவாயு, பெட்ரோல், டீசல் ஆகியவை போதிய காற்றின்றி எரியும்போது அது உண்டாகிறது. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இந்த நச்சுவாயுவை இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு பற்றிக்கொள்கிறது. பற்றினால் எளிதில் விடுவதில்லை. விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று எச்சரிக்கை கிடைக்கும். உறங்குபவருக்கு அதுவும் கிடைப்பதில்லை. உறக்கத்திலிருந்து அப்படியே மரணத்துக்குப் போய்விடுகிறார்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு காரவானுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் சோதித்தபோது, வண்டியின் ஜெனரேட்டர் வெளியிட்ட இந்த வாயு உட்புறம் புகுந்ததே காரணம் எனத் தெரியவந்தது. குளிர்சாதனத்துக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டு உறங்கியவர்கள் விடியலைக் காணவில்லை. அதற்கு முன் 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற எட்டுப் பேர் ஒரே அறையில் உயிரிழந்தனர். கதவு சன்னல்களை உள்ளே தாழிட்டு, குளிர் காய எரிவாயு அடுப்பை எரியவிட்டிருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் நால்வர் சிறு குழந்தைகள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, அதில் இருந்தவர்களோடு எரிந்து போயிற்று. அச்செய்தி பெருமானாருக்கு எட்டியபோது, நெருப்பு உங்கள் பகைவன் என்றும், உறங்கச் செல்லுமுன் அதை அணைத்துவிடுங்கள் என்றும் கட்டளையிட்டார்கள். சிறு வயதில் மதரஸாவில் கேட்ட ஹதீஸ்தான். தகரத் தொட்டிக்குள் தலைவலியோடு விழித்தபோதுதான் எனக்கு அது புரிந்தது.

மறைப்பும் காற்றும்

இங்கே நம் சமுதாயத்துக்கென்று ஒரு தனி அபாயம் இருக்கிறது, வாசகர்களே. பிறர் கொசுவுக்கும் மழைக்கும் பயந்து வண்டியை மூடுகிறார்கள். நாமோ பர்தாவை எண்ணி அதைவிடக் கவனமாக, ஓர் இடுக்கும் விடாமல் அடைக்கிறோம். மறைப்பு கண்ணுக்காக ஏற்பட்டது, மூச்சுக்கு அன்று. ஒட்டகச் சிவிகையிலும் கூண்டு வண்டியிலும் தொங்கியது துணி. துணி பார்வையைத் தடுக்கும், காற்றை விடும். நாம் இப்போது கட்டுவது ரப்பரும் பிளாஸ்டிக்கும் பூசிய தார்ப்பாய். அல்லது வெல்டிங் வைத்த தகரக் கூரை. பழைய திரையின் பெயரை வைத்துக்கொண்டு அதன் குணத்தைத் தொலைத்துவிட்டோம்.

இரண்டாம் முறை நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். தார்ப்பாயை மேலே கூரையாக மட்டும் வைத்துக்கொண்டு, பக்கங்களில் ஒரு முழ அளவுக்குச் சுருட்டிக் கட்டினோம். அந்தத் திறப்புகளுக்குக் கொசுவலைத் துணி. அதற்கு உட்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டு, தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் வாங்கிய அடர்நீலப் பருத்தித் துணியைத் திரையாகத் தொங்கவிட்டோம். திறப்பு ஒன்று மட்டும் போதாது. காற்று நுழைய ஒரு வழி, வெளியேற எதிர்ப்புறம் ஒரு வழி, இரண்டும் வேண்டும். ஒன்று தாழ்வாகவும் மற்றொன்று உயரமாகவும் இருந்தால் வெப்பக் காற்று தானே மேலே ஏறி வெளியே போகும். கொசுவத்தி இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, தேநீர் போட அடுப்பு இல்லை. தேநீரைப் பிளாஸ்கில் கொண்டு போனோம். என்ஜினை அணைத்துச் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டோம். குளிர்சாதனம் வேண்டும் என்று என்ஜினை ஓடவிடுவது, புகைக்குழாயின் மேல் படுத்துறங்குவதற்கு ஒப்பாகும்.

மற்றொன்று, பெண்கள் முதலில் கவனிப்பதும் ஆண்கள் கடைசியில் கவனிப்பதும். உள்ளே விளக்கை ஏற்றினால் உங்கள் நிழல் திரையில் விழும். வெளியே இருட்டில் நிற்பவருக்கு அது திரைப்படம் போலத் தெரியும். திரை எத்தனை கனமானாலும் விளக்கு வைக்கும் இடம் தவறானால் மறைப்பு இல்லை. விளக்கைத் திரைக்கும் உங்களுக்கும் இடையே தரையோடு தரையாக வையுங்கள். அல்லது வண்டிக்கு வெளியே ஒன்றை எரியவிட்டு உள்ளே இருட்டாக்கிவிடுங்கள். இதை எனக்குச் சொன்னவர் என் துணைவியார். அவர் முதலில் என்னை உள்ளே உட்காரவைத்து, தாம் வெளியே நின்று சுற்றிப் பார்த்து, அதன் பின்தான் ஏறினார்.

பின்கதவின் கொக்கியை உள்ளிருந்து திறக்கும்படி ஒரு கம்பியைப் பட்டறையில் வைத்துக்கொண்டோம். இரண்டு நூறு ரூபாய்த் தாள்களில் முடிந்த வேலை. கயிற்றின் முடிச்சு இனி உள்ளே.

வண்டியின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு கதவுள்ள ஆடம்பரப் பிக்கப்புகளில் தொட்டியின் நீளம் ஏறத்தாழ ஐந்தடிதான். சராசரி உயரமுள்ளவர் முழங்காலை மடக்கித்தான் படுக்க வேண்டும், அல்லது பின்கதவைத் திறந்துபோட்டுப் பலகையால் நீட்ட வேண்டும். நம் ஊரில் குட்டியானை என்று அழைக்கிறோமே, அந்த டாட்டா ஏஸின் தொட்டி ஏழடிக்கு மேல் நீளமுள்ளது. பல இலட்ச ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கும் வண்டியில் கால் நீட்ட முடியவில்லை. காய்கறி ஏற்றும் வண்டியில் தாராளமாக நீட்டலாம்! தரை சரிவாக இருந்தால் தலைப்பக்கம் உயரமாக இருக்குமாறு வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். சித்திரை, வைகாசியில் இந்த ஆசையே வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த தகரம் நள்ளிரவு வரை அனல் கக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையும் கழிந்து, மார்கழியும் தையும் வந்தால் நம் கடற்கரைக்கு நல்ல காலம்.

எங்கே தங்குவது என்பதைக் கணவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. காட்சி அழகாயிருக்கிறதா என்று ஆண்கள் பார்ப்பார்கள். கழிப்பறை எத்தனை அடி தூரத்தில், நள்ளிரவில் நடக்கும் வழியில் விளக்கு உண்டா, உளூச் செய்ய மறைவிடம் உண்டா என்பன பெண்ணின் கேள்விகள். அவற்றுக்கு விடை கிடைக்காத இடம் எத்தனை அழகானாலும் தங்கும் இடமன்று. இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குங்கள், அது விலங்குகளின் வழியும் விஷ ஜந்துக்களின் இருப்பிடமும் ஆகும் என்று நபிகளார் அறிவுறுத்தியது முஸ்லிமில் இருக்கிறது. இன்று அந்தப் பாதையில் விலங்குக்குப் பதில் டிப்பர் லாரி வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி உறங்குவதை அறவே தவிருங்கள். பிறர் நிலமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அனுமதியற்ற பாதையில் சென்றவர்களுக்கு அன்று உதவியும் தாமதமாகத்தான் எட்டியது.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நின்ற வண்டியின் தொட்டியில் உறங்கலாம். ஓடும் வண்டியின் தொட்டியில் ஒருவரும் இருக்கக் கூடாது. குழந்தைகள் தூங்குகிறார்களே, எழுப்ப வேண்டாம் என்று அப்படியே ஓட்டிக்கொண்டு வருவோர் உண்டு. விபத்து நேர்ந்தால், சரக்கு வாகனத்தில் பயணியாக ஏறியவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியின் அமைப்பையே மாற்றி நிரந்தரக் கூரை பொருத்துவதாயின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டும் கூரைதான் தொல்லையற்றது. இருவரின் அடையாள அட்டைகளும் கையில் இருக்கட்டும். ரோந்து வரும் காவலர் கேட்டால் பதற வேண்டியிராது.

தொழுகையைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். மயிலாப்பூரிலிருந்து கோவளம், மாமல்லபுரம் வரை செல்வது கஸ்ருக்குரிய தொலைவு ஆகாது. அது 80 கிலோமீட்டரை ஒட்டியது. அதனினும் தூரம் போவோர் தத்தம் மத்ஹபின் அளவை ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம். ஷாஃபிஈகளுக்குள்ள சேர்த்துத் தொழும் சலுகை, ஹனஃபிகளுக்குப் பொதுவான பயணத்தில் இல்லை என்பதையும் ஒரே வண்டியில் போகும் இரு மத்ஹபினர் நினைவில் வைக்க வேண்டும். சென்னைப் பகுதியில் கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்தது. வண்டிக் கூரை தாழ்வானதால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஆகவே கீழே இறங்கித் தரையில் தொழுங்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கையில் தயம்மும் கிடையாது. மார்கழிக் குளிர் சுடுகிறது என்பது காரணமாகாது!

இரண்டாம் இரவு

தை மாதத்தில் மீண்டும் அதே தோப்புக்குப் போனோம். இம்முறை மைத்துனர் வண்டியை நிறுத்திவிட்டு, கயிற்றைக் கையில் எடுக்கக்கூட அஞ்சினார்.

காற்று பக்கத்துத் திரையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. தொலைவில் கடலோசை. வீட்டில் பத்து நிமிடத்துக்கொரு முறை எழும் அழைப்புகள் இல்லாததால், முதலில் எங்களுக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. வாடகை, பால் கணக்கு, மகனின் பள்ளிக் கட்டணம் என்று வழக்கமானவற்றைப் பேசித் தீர்த்தோம். பிறகு நீண்ட நேரம் அமைதி. உறங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"மூத்தவளுக்கு அந்த இடம் வேண்டாம்" என்றார் திடீரென்று.

என் அத்தையின் வழியில் எங்கள் மூத்த மகளுக்கு ஒரு வரன் பேசியிருந்தோம். உம்மாவுக்கு மிகுந்த விருப்பம். பிப்ரவரியில் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவளோ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. படித்து முடிக்க வேண்டும் என்று தாயிடம் அழுதிருக்கிறாள். இது நடந்து மூன்று மாதங்கள் ஆகின்றன.

"மூணு மாசமா ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"எங்க சொல்ல? கூடத்துல பேசினா மாமிக்குக் கேக்கும். அவங்க மனசு நோகும். நீங்க வர்றதே பதினொரு மணிக்கு. காலையில மதரஸா, பள்ளிக்கூடம், டிபன். நான் எந்த நேரத்துல சொல்ல?"

எனக்குப் பதில் இல்லை. பெண்ணின் சம்மதமின்றி நிகாஹ் இல்லை என்பதைப் பிறர் வீட்டுத் திருமணங்களில் பெருமையாகப் பேசியவன் நான். என் வீட்டில் என் மகளின் சம்மதமின்மை, இருபதடி தூரத்திலிருந்து எனக்கு வந்து சேர மூன்று மாதங்களும் ஒரு பிக்கப் வண்டியும் தேவைப்பட்டிருக்கின்றன.

அன்று நாங்கள் உறங்கும்போது மணி ஒன்று. அத்தையிடம் யார் பேசுவது, உம்மாவிடம் எப்படிச் சொல்வது, படிப்பு முடிய இன்னும் எத்தனை பருவம், செலவுக்கு என்ன வழி என்று எல்லாவற்றையும் பேசினோம். சில இடங்களில் வாக்குவாதமும் நடந்தது. குரலைத் தாழ்த்த வேண்டிய தேவை இல்லாத வாக்குவாதம் அது. ஃபஜ்ருக்கு எழுந்தபோது தலை தெளிவாக இருந்தது. தார்ப்பாயின் உட்புறம் ஒரு சொட்டு ஈரமில்லை. கிணற்று நீரில் உளூச் செய்து, தென்னை மரங்களுக்கிடையே பத்தமடைப் பாயை விரித்துத் தொழுதோம்.

வீடு திரும்பிய அன்று மாலையே உம்மாவிடம் நான் பேசினேன். அவர்கள் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தஸ்பீஹ் மணிகளை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். "புள்ளை அழுதுச்சுன்னு என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே" என்றார்கள் கடைசியில். மறுநாள் அத்தைக்குத் தொலைபேசியில் பேசியவர்களும் அவர்களே. வரன் நல்ல வரன்தான், காத்திருக்க முடிந்தால் காத்திருக்கட்டும், முடியாவிட்டால் வேறு பெண் பார்க்கட்டும் என்று முடித்துவிட்டார்கள்.

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, என் துணைவியாரிடம் கேட்டார்கள்: "அந்தத் தோப்புல கழிப்பறை பக்கத்துலயேதானே இருக்கு? அடுத்த தடவை நானும் வர்றேன். பின்னால எல்லாம் ஏற மாட்டேன். முன்னால உக்காந்துக்கறேன்."

முன்னிருக்கையில் ஓட்டுநரைத் தவிர இருவருக்குத்தான் இடம். நான் பேருந்தில் பின்தொடர்வதாக முடிவாகியிருக்கிறது.